முகம் சிவக்கும் மாத்திரை

உதியன்குளங்கரை,
கொல்லம் 1131, கார்த்திகை.
(நவம்பர் 1955)

அன்பு மகன் தேவகுமாருக்கு அப்பா கனகதாஸ் எழுதிக்கொள்வது.

இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவது வழக்கம். இந்தத் தடவை அந்த வரியை உன் அம்மாவுக்கு மட்டும் வைத்துக்கொள். எனக்குச் சுகமில்லை. அது ஏன் என்பதுதான் கடிதம். ஜபல்பூரில் குளிர் தொடங்கியிருக்கும். கம்பளி வாங்க யோசித்துக்கொண்டு நிற்காதே.

இதைப் பாறசாலைத் தபாலாபீஸில் போடவில்லை. நம் கடையில் தராசு பிடிக்கிற செல்லசாமி புளி ஏற்றிக்கொண்டு களியக்காவிளைக்குப் போகிறான், அவன் கையில் கொடுத்து அங்கே போடச் சொல்லியிருக்கிறேன். இங்குள்ள தபால்காரர் மலையாளக் கட்சி, பிரித்துப் படிப்பார். பசை ஒட்டின இடத்தைப் பார்த்து வாங்கு. பிரித்து ஒட்டியிருந்தால் உனக்கே தெரியும்.

மாகாண எல்லை பிரிக்கிற கமிஷனின் அறிக்கை பத்திரிகையில் வந்துவிட்டதை நீயும் படித்திருப்பாய். விளவங்கோடு தமிழ்நாட்டோடு போகிறது, நெய்யாற்றின்கரை போகவில்லை. நம் வீடும் கடையும் போகாத பக்கத்தில் மாட்டிக்கொண்டன. போன வருஷம் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று கேட்டவர்களைப் போலீஸ் சுட்டபோது பாறசாலைச் சந்தையில் முதலில் கடை அடைத்தது நான். அன்றைக்கு அடைக்காதவர்கள் இன்றைக்கு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரித்தால் பரவாயில்லை. என்னைக் கண்டதும் பேசிக்கொண்டிருந்ததை நிறுத்துகிறார்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை. இந்த வீட்டை விற்றுவிட்டு மார்த்தாண்டத்தில் கடையும் வீடும் சேர்த்து ஓரிடம் பார்க்கலாம் என்று இருக்கிறேன். உன் சம்மதமும் வேண்டும். உன் மனைவி விமலாவுக்கு இது பிடிக்கவில்லை. என்னிடம் சொல்லவில்லை. 'பெருங்கடவிளைக்குப் போக ரெண்டு பஸ் மாறணும்' என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். பிறந்த வீடு இந்தப் பக்கம் இருக்கிறவளுக்கு அப்படித்தான் தோன்றும். இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படி.

இரண்டு மாதமாக எனக்கு வாயோரம் வெடித்து, நாக்கு தோலுரிந்து, உள்ளங்கால் இரண்டும் எரிச்சல். காரம் நாக்கில் வைக்க முடியவில்லை. மிளகு வியாபாரிக்கு இப்படி வந்தால் சரக்கை வாயில் போட்டுப் பார்ப்பது எப்படி? விமலாதான் என்னை நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். மரச்சீனிக் கிழங்கு, பச்சரிசிச் சோறு, சந்தையில் நாலைந்து சாயா என்றேன். பி விட்டமின் குறைவு என்று சொல்லி, மஞ்சளில் ஒன்று, வெள்ளையில் ஒன்று, இரண்டு விதம் மாத்திரை எழுதித் தந்தார். விமலா வாங்கிக்கொண்டு வந்தாள். வெறும் காகிதப் பொட்டலம். மேலே பேர் இல்லை, ஊர் இல்லை.

தின்ற மறுநாளே மூத்திரம் கஸ்தூரி மஞ்சள் கரைத்ததுபோலப் போயிற்று. அதைக்கூடச் சூடு என்று விட்டுவிட்டேன். வெள்ளை மாத்திரை தின்றால்தான் வினை. கால் மணி நேரத்துக்குள் முகம், கழுத்து, காது எல்லாம் சிவந்து எரிகிறது. வற்றல் மிளகாய் மூட்டையை அவிழ்த்த அறைக்குள் கதவைச் சாத்தி நிறுத்தியதுபோல இருக்கும். சொறிந்தால் நிற்காது. பிறகு தானே போய்விடும். அதோடு, உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டுகிறது. போன வாரம் கிணற்றுப் பக்கம் சரிந்து விழப் பார்த்தேன், துவைகல்லைப் பிடித்துக்கொண்டேன்.

இதில் நீ கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இப்படி வரும் என்று விமலா எனக்கு முன்னாலேயே சொன்னாள். 'மாமா, சோறு உண்டிட்டுத் தின்னுங்க. மொகம் கொஞ்சம் சிவக்கும், சொறியும். பயப்படண்டாம், அரை மணிக்கூறுல மாறும்' என்றாள். வராத ஒன்றைப் பற்றி அவளுக்கு எப்படித் தெரியும்? சோற்றுக்குப் பிறகு என்று ஏன் இத்தனை அழுத்திச் சொல்ல வேண்டும்? சோற்றோடு கலந்துவிட்டால் எது செய்தது என்று தெரியாமல் போகும், அதற்குத்தான். நான் சோற்றுக்கு முன்னால் வெறும் வயிற்றில் தின்று பார்த்தேன். எரிச்சல் இரண்டு பங்கு. சரக்கின் குணம் தனியாக வைத்தால்தானே தெரியும்.

அவளுடைய அண்ணன் பொன்னுதாஸ் நெய்யாற்றின்கரையில் இங்கிலீஷ் மருந்துக் கடையில் வேலை பார்ப்பது உனக்குத் தெரியும். நெய்யாற்றின்கரை பிரியக்கூடாது என்று கமிஷனுக்குப் போன மனுவுக்கு வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியவன். நம் வாசலைத் தாண்டித்தான் போனான், உள்ளே வரவில்லை. அப்படிப்பட்டவன் இப்போது வாரம் ஒரு தடவை வந்து அடுக்களைப் பக்கம் நின்று தங்கையோடு மலையாளத்தில் மெதுவாகப் பேசுகிறான். நான் வந்தால் இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசுகிறார்கள். நான் இல்லாமல் போனால் வீடு விற்காது. உன்னைச் சரிக்கட்டுவதும் சுலபம். நான் ஒன்றும் சொல்லவில்லை, கணக்குப் போட்டு மட்டும் பார்க்கிறேன்.

சும்மா சொல்கிறேன் என்று நினைக்காதே. பரீட்சை செய்து பார்த்தேன். சந்தையன்று செல்லசாமியிடம் ஒரு வெள்ளை மாத்திரையைக் கொடுத்து, உடம்புக்கு நல்லதுடா என்றேன். சும்மா கிடைத்தால் எதையும் தின்கிறவன், தண்ணீர்கூட இல்லாமல் முழுங்கினான். வெற்றிலைக் கட்டு எடை போட்டுக்கொண்டிருந்தவன் தராசைப் போட்டுவிட்டு, 'மொதலாளி, காதுக்குள்ள தீ பத்துது! எனக்க பிள்ளியள பாத்துக்கிடுங்க!' என்று கூவிக்கொண்டு சந்தைக் குளத்தில் போய் விழுந்தான். மீன் விற்கிற பெண்கள் சாமி வந்திருக்கிறது என்று கும்பிட்டார்கள். ஞானஸ்நானம் வாங்கின வேதக்காரனுக்கு எந்தச் சாமி வரும்? அரை மணி கழித்து ஏறி வந்து, 'இனி ஒண்ணும் தரண்டாம், கூலி மட்டும் தந்தா போரும்' என்றான். அவனுக்கும் வந்ததே, பிறகென்ன.

உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் என்னைத் திட்டினாள். 'உங்களுக்கு ஆளு மேல சந்தேகம் இல்லாத நாளு உண்டுமா? கல்யாணத்தன்னைக்கே தாலிய உரசிப் பாத்த ஆளாக்கும் நீங்க' என்றாள். உரசிப் பார்த்தது வாஸ்தவம். தட்டான் செய்து தந்ததில் மாற்றுக் குறைவாகத்தான் இருந்தது, அதை அவள் சொல்வதில்லை.

கடைசியாக ஒன்று, இது உன்னோடு இருக்கட்டும். எனக்கு பிரஷர் உண்டு. ஆவணியிலிருந்து மார்த்தாண்டத்தில் ஒரு டாக்டர் மாத்திரை தருகிறார், கடைப் பெட்டியில் வைத்துத் தின்கிறேன். மலையில் காணிக்காரர் பாம்புக்கடிக்கு அரைக்கிற வேரிலிருந்து எடுப்பதாம். அந்த வேரை ஆரியங்கோட்டில் வாங்கி மூட்டை மூட்டையாக அனுப்பியவன் நான், அதனால் அதில் எனக்குப் பயமில்லை. வீட்டில் சொல்லவில்லை, நெய்யாற்றின்கரை டாக்டரிடமும் சொல்லவில்லை. கனகதாஸுக்கு பிரஷர் என்று சந்தையில் தெரிந்தால் நாளைக்கே மொத்த வியாபாரிகள் சரக்கு தர யோசிப்பார்கள்.

இந்தக் கவருக்குள் மஞ்சளில் ஒன்றும் வெள்ளையில் ஒன்றும் பஞ்சில் பொதிந்து வைத்திருக்கிறேன். உங்கள் மிலிட்டரி டாக்டரிடம் காட்டி இது என்ன என்று கேட்டு எழுது. விமலாவுக்கு ஒன்றும் எழுதாதே.

நீ நல்லபடியாக இருக்கவேண்டும் என்று ஜெபிக்கிற
அப்பா.


உதியன்குளங்கரை,
மார்கழி.

அன்பு மகன் தேவகுமாருக்கு,

உன் பதில் கிடைத்தது. மாத்திரை பொடியாகத்தான் வந்தது என்றாலும் டாக்டரிடம் எல்லாம் விவரித்துக் கேட்டதாக எழுதியிருக்கிறாய். சந்தோஷம். மஞ்சள் மாத்திரை பி விட்டமினில் ஒரு வகை, அது மூத்திரத்தை மஞ்சளாக்கும், குற்றமில்லை என்கிறார். வெள்ளை இன்னொரு வகை, நிக்கோட்டினிக் ஆசிட் என்று பேர், ரத்தக் குழாய் விரிவதால் முகம் சிவக்கும், வெறும் வயிற்றில் தின்றால் அதிகம் சிவக்கும், விஷம் இல்லை என்கிறார். ஆசிட் என்று நீயே எழுதிவிட்டு விஷமில்லை என்றும் எழுதுகிறாய். தட்டான் கடையில் ஆசிட் எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

பிரஷர் மருந்து தின்கிறவர்கள் இதையும் தின்றால் தலைசுற்றி விழக்கூடும், ஆகவே இரண்டு டாக்டரிடமும் இரண்டு மருந்தையும் சொல்லுங்கள் என்று கோடு போட்டு எழுதியிருக்கிறாய். மகனே, நான் முப்பது வருஷமாகச் சந்தையில் நிற்கிறவன். இரண்டு இடத்தில் கொள்முதல் வைத்திருந்தால்தான் ஒருவன் ஏமாற்றும்போது மற்றவனை வைத்துப் பிழைக்கலாம். ஒருவன் விலையை மற்றவனிடம் சொல்லிவிட்டால் இரண்டு பேரும் ஒன்றாகச் சேர்ந்துகொள்வார்கள். மருந்துக்கும் அது பொருந்தும். உன் டாக்டர் ஜபல்பூரில் உட்கார்ந்து சொல்வது, டப்பாவில் என்ன இருக்க வேண்டும் என்பதை. பொன்னுதாஸ் பொட்டலத்தில் என்ன மடிக்கிறான் என்று அவருக்குத் தெரியுமா?

இனி எழுதப்போவதை உனக்கு வேறு யாராவது எழுதியிருக்கலாம். நானே எழுதிவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சபை மூப்பர் பொன்னப்பன் நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். கிறிஸ்துமஸ் காணிக்கை ஏலத்தைப் பற்றிப் பேச வந்தவர். இலை போட்டாயிற்று. விமலா வழக்கம்போல மாத்திரைப் பொட்டலத்தையும் ஒரு டம்ளர் வெள்ளத்தையும் என் இலைக்கு அருகில் கொண்டுவந்து வைத்தாள். சாட்சிக்கு ஆள் இருக்கும்போதே கேட்டுவிடுவோம் என்று, 'இத முதல்ல நீ தின்னு பாப்போம்' என்றேன்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை, சிரித்தாள். பிறகு விளங்கிற்று. உன் அம்மா அடுக்களையிலிருந்து, 'எனக்க ஏசுவே, இந்த மனுசனுக்கு என்னத்தப் பிடிச்சுது' என்று கத்தினாள். மூப்பர் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விமலா, 'நான் தின்னா விசுவசிப்பீங்களா மாமா?' என்று கேட்டாள். பொட்டலத்தை அவள் பக்கம் தள்ளினேன். அவள் பொட்டலத்தைப் பிரித்து வெள்ளையில் இரண்டை எடுத்து என் டம்ளரிலிருந்தே குடித்து முழுங்கினாள். அன்றைக்கு விருந்தாளிக்குப் பரிமாறிவிட்டுச் சாப்பிடலாம் என்று அவள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. இது பிறகு உன் அம்மா சொல்லித் தெரிந்தது.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க அவள் முகம் சிவந்தது. கழுத்து, கை, எல்லாம். கண்ணில் தண்ணீர் வந்தது, எரிச்சலாலா அழுகையாலா என்று எனக்குத் தெரியாது. பார்த்தீரா மூப்பரே என்றேன். மூப்பர் எழுந்து கை கழுவிவிட்டார். சோறு தொடவில்லை.

விமலா அரை மணி அதே இடத்தில் நின்றாள். சிவப்பு இறங்கிய பிறகு, 'மாறிச்சு, பாத்தீங்களா? நான் முன்னமே சொன்னது இதாக்கும்' என்றாள். பிறகு, 'இந்த வீட்டுல இனி எனக்க கையால ஒரு சொட்டு வெள்ளம்கூட உங்களுக்கு நான் தரமாட்டேன்' என்று சொல்லிவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் பெருங்கடவிளைக்குப் போய்விட்டாள். உன் அம்மா பஸ் நிற்கிற இடம் வரைக்கும் பின்னாலேயே போனாள். மூப்பர் போகும்போது என்னிடம், 'கனகதாஸே, நாளைக்கு திருவிருந்துல அப்பத்தையும் முதல்ல என்னைத் தின்னச் சொல்லிட்டுத்தான் வாங்குவீரா?' என்று கேட்டார். காணிக்கை ஏலத்துக்கு என்னை இந்தத் தடவை கூப்பிடவில்லை.

இப்போது உன் அம்மா என்னோடு நேராகப் பேசுவதில்லை. உப்பு போதுமா என்று சுவரைப் பார்த்துக் கேட்கிறாள். நானும் சுவரிடம் பதில் சொல்கிறேன். மாத்திரையை நிறுத்திவிட்டேன். எரிச்சல் இல்லை, மூத்திரம் பழையபடி. தலைசுற்றல் நிறையக் குறைந்திருக்கிறது. இதற்கு என்ன சொல்கிறாய்? நான் நினைத்தது சரி என்றுதானே ஆகிறது?

வாயோரம் மட்டும் மறுபடி வெடிக்கிறது. உள்ளங்காலும் சுடுகிறது. அதை மார்த்தாண்டத்தில் நம் ஆள் கடையில் மருந்து வாங்கிப் பார்த்துக்கொள்வேன்.

நீ அவசரப்பட்டு அவளுக்கு ஒன்றும் எழுதாதே. எனக்கு எழுது.

அப்பா.


உதியன்குளங்கரை,
மாசி.

அன்பு மகன் தேவகுமாருக்கு,

உன் கடிதத்தில் இரண்டே வரி இருந்தது. இனி அந்த வீட்டு நடையில் விமலா ஏறமாட்டாள், நானும் ஏறமாட்டேன் என்று. உன் அம்மா வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். எனக்குத் தொண்டை சரியில்லை என்று மடித்து வைத்துவிட்டேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாதது அன்றைக்கு உதவிற்று.

பதில் போடாமல் இருந்ததற்குக் காரணம், எழுத ஒன்றும் இல்லாமல் இருந்தது. இப்போது இருக்கிறது. முழுக்கப் படி, பாதியில் கிழித்துவிடாதே.

தை மாதத்தில் வாய் முழுக்கப் புண்ணாயிற்று. கஞ்சிகூட இறங்கவில்லை. மார்த்தாண்டம் சந்தைக்குப் போன அன்று, போராட்டத்தில் நம்மோடு நின்ற ஒருவருடைய மருந்துக் கடையில் ஏறினேன். தமிழில் கேட்டேன், தமிழில் பதில் சொன்னார். வாய்ப்புண்ணுக்கும் கால் எரிச்சலுக்கும் பி விட்டமின் நல்லது என்று என் கண் முன்னால் சீல் உடைத்து எடுத்துத் தந்தார். நம்பிக்கையான கை. அங்கேயே ஒன்று தின்றேன். வீரியம் போதாதோ என்று இன்னொன்றும் தின்றேன். காலையில் கஞ்சி குடிக்கவில்லை. பிரஷர் மாத்திரையை மட்டும் வழக்கம்போலக் கடையிலிருந்து தின்றுவிட்டுப் புறப்பட்டிருந்தேன்.

மிளகு மூட்டையின் மேல் உட்கார்ந்து விலை பேசிக்கொண்டிருந்தேன். காது சுட்டது. பிறகு கழுத்து. மகனே, அதே எரிச்சல். கொஞ்சமும் மாற்றமில்லாமல் அதே எரிச்சல். பொன்னுதாஸின் கை படாதது, விமலாவின் கை படாதது, நானே போய் நானே வாங்கியது. எனக்கு முதலில் வந்த யோசனை, பொன்னுதாஸ் இந்தக் கடைக்காரரையும் சேர்த்துக்கொண்டானோ என்பது. என் புத்தி எவ்வளவு தூரம் போயிருந்தது என்று பார். கோபத்தோடு கடைக்காரரிடம் கேட்கலாம் என்று எழுந்தேன். எழுந்ததுதான் தெரியும்.

கண் விழித்தபோது மூட்டைகளுக்கு நடுவில் கிடக்கிறேன். முகத்தில் இளநீர் ஊற்றியிருக்கிறார்கள். செல்லசாமி சுற்றி நின்றவர்களிடம், 'இது எனக்க தீனமாக்கும்! எனக்கு வந்த அதே தீனம்! குளத்துல கொண்டு போடுங்க, மாறும்!' என்று கத்துகிறான். நல்ல வேளை, பக்கத்தில் குளம் இல்லை. பிரஷர் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். சந்தை முழுக்கப் பார்த்தது. இனி மறைக்க ஒன்றுமில்லை.

டாக்டர் படுக்கவைத்து பிரஷர் பார்த்தார், நிற்கவைத்துப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார். வேறு என்ன மருந்து தின்றீர் என்று கேட்டார். பையில் கிடந்ததை எடுத்துக் காட்டினேன். முன்னாலும் தின்றதுண்டா என்றார். நெய்யாற்றின்கரை டாக்டர் தந்தது என்று சொன்னேன். அவருக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். 'வேய், நெய்யாற்றின்கரைக்காரருக்க மருந்துக்கும் எனக்க மருந்துக்கும் உம்ம வயித்துக்குள்ள எல்லைக்கல்லு நாட்டி வச்சிருக்கீரா? ரெண்டும் ஒரே ரத்தத்துலதான் ஓடுது. நான் தந்தது பிரஷர இறக்கும். இந்த வெள்ளை ரத்தக்குழாய விரிக்கும். ரெண்டையும் வெறும் வயித்துல தின்னா, எழும்பி நிக்கும்போ தலைக்கு ரத்தம் எட்டாது. வெட்டின வாழை மாதிரி விழுவீரு' என்றார். வெறும் விட்டமின்தானே டாக்டர் என்றேன். 'விட்டமினுன்னா கற்கண்டுன்னு நினைச்சீரா? அதுக்கும் குணம் உண்டு, வேறொரு மருந்தோட சேந்தா வேறொரு குணமும் உண்டு. மொகம் சிவக்கும், சோத்துக்குப் பொறவு தின்னுங்கன்னு உமக்கு ஆரும் சொல்லல்லியா?' என்று கேட்டார்.

சொன்னார்கள் என்றேன்.

இன்னொன்றும் கேட்டார். இந்தப் பிரஷர் மாத்திரை சிலருக்கு மூக்கை அடைக்கும், கெட்ட கனவு வரும், மனசை இருட்டாக்கும், உமக்கு உண்டுமா என்று. மூக்கடைப்பு உண்டு என்று மட்டும் சொன்னேன். கனவும் உண்டு. பழியை எடுத்து மாத்திரையின் மேல் வைத்துவிட எனக்கு நல்ல சந்தர்ப்பம்தான். ஆனால் அந்த மாத்திரை தொடங்குவதற்கு முன்னாலும் நான் எப்படி இருந்தேன் என்று உன் அம்மா சாட்சி சொல்லுவாள். தாலி கதையிலிருந்து தொடங்குவாள்.

டாக்டர் பிரஷர் மாத்திரையின் அளவைக் குறைத்தார். வெள்ளையைத் தொடக்கூடாது என்று சொல்லி, முகம் சிவக்காத வேறு ஒரு வகை பி மாத்திரை எழுதினார். இரண்டு சீட்டு. இரண்டையும் நெய்யாற்றின்கரை டாக்டரிடம் காட்டிவிட்டுத் தின்னும் என்றார். காட்டினேன். அவர் படித்துவிட்டு, இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் அந்த வெள்ளையை எழுதியே இருக்கமாட்டேனே என்றார். இரண்டு பேரும் ஒரே பேச்சுப் பேசினார்கள். ஒன்றாகச் சேர்ந்துகொள்வார்கள் என்று நான் பயந்தது அப்படி நடந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மட்டிப்பழக் குலையைச் செல்லசாமியின் தலையில் ஏற்றி, உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு பெருங்கடவிளைக்குப் போனேன். மூப்பரை வரச் சொல்லிக் கேட்டேன். 'அந்தப் பிள்ளை போகும்போ ஒத்தைக்குப் போனாள், கூப்பிடப் போகும்போ நீரும் ஒத்தைக்குப் போவும்' என்று சொல்லிவிட்டார். பஸ்ஸில் வைத்துத்தான் உன் அம்மா சுவரை விட்டு என்னைப் பார்த்துப் பேசினாள். 'அங்க போயி விலை பேசப்பிடாது, கேட்டியளா' என்றாள்.

பொன்னுதாஸ் இருந்தான். நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டு எதிரில் நின்றான். அந்தப் பொட்டலம் எங்கிருந்து வந்தது, அடுக்களைப் பக்கம் நின்று என்ன பேசினீர்கள் என்று நான் நேராகவே கேட்டேன். எனக்கு அது தெரிந்தாக வேண்டும். அவன் ஒளிக்கவில்லை. 'எனக்க கடையில இருந்துதான் மாமா. டப்பாவுல இருந்து எண்ணிப் பொதிஞ்சு தந்தேன். சிவப்பு அதிகமா வருதா, எழும்பும்போ தலைசுத்து உண்டுமான்னு அவகிட்ட கேட்டுட்டுப் போவேன். தலைசுத்து எதுக்கு வருதுன்னு எனக்கு விளங்கல்ல. எனக்க கடை மருந்துன்னு தெரிஞ்சா நீங்க தொட்டிருப்பீங்களா?' என்றான். மாட்டேன் என்றேன். 'அதனாலதான் பேரு எழுதல்ல' என்றான். கையெழுத்து வாங்கப் போனபோது நம் வாசலை ஏன் தாண்டிப் போனாய் என்றும் கேட்டேன். 'தங்கச்சி வாழுற வீட்டு வாசல்ல நின்னு எதுக்கு உங்ககூட சண்டை போடணும்னு போனேன்' என்றான். இந்த ஆளுக்கு என் மேல் இருந்த மரியாதையைத்தான் நான் சதி என்று கணக்கில் ஏற்றியிருந்தேன். அவன் கட்சி எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. அது வேறு.

விமலா உள்ளே கதவோரம் நின்றாள். மெலிந்திருக்கிறாள். சட்டைப் பையிலிருந்து இரண்டு டாக்டரும் பார்த்த இரண்டு சீட்டையும் எடுத்து அவளிடம் நீட்டினேன். ஒருவன் சீட்டை மற்றவனுக்குக் காட்டாதவன் நான், இரண்டையும் சேர்த்து வீட்டு ஆள் ஒருத்தி கையில் கொடுத்தது இதுதான் முதல் தடவை. அவள் நின்றபடியே இரண்டையும் வாசித்தாள். 'இது காலையில கஞ்சி குடிச்சிட்டு. இது ராத்திரி. எழும்பும்போ பைய எழும்பணும்' என்றாள். தலையாட்டினேன். எனக்குத் தாகமாக இருந்தது, நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டேன். அவள் உள்ளே போய் ஒரு செம்பு வெள்ளம் கொண்டுவந்தாள். நான் தயங்கியதைப் பார்த்துவிட்டு, 'அந்த வீட்டுலதானே தரமாட்டேன்னு சொன்னேன். இது எனக்க வீடு, குடிக்கலாம்' என்றாள்.

குடித்தேன். உன் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வா என்று நான் கூப்பிட்டேன். உன் அம்மாவும் கூப்பிட்டாள். விமலா வரவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. 'அவரு வரண்டாம்னு எழுதியிருக்காரு. அவரே வரச் சொல்லி எழுதட்டும்' என்றாள். சீட்டு இரண்டையும் என்னிடம் திருப்பித் தந்தாள். பழக்குலையை வாங்கிக்கொண்டாள்.

இவ்வளவுதான் நடந்தது. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. சந்தேகமிருந்தால் செல்லசாமியிடம் கேட்டு எழுது, அவன் சொல்வதற்கு நான் பொறுப்பில்லை.

வீடு விற்கிற பேச்சை நிறுத்திவிட்டேன். அவர்கள் எல்லைக் கோட்டை எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும். நான் இந்தப் பக்கத்திலேயே இருந்துகொண்டு மார்த்தாண்டம் சந்தைக்குப் போய்வருவேன். இரண்டு பக்கமும் ஆள் தெரிந்தவனுக்கு இனிமேல்தான் வியாபாரம் இருக்கிறது. பெருங்கடவிளைக்கு இங்கிருந்தே பஸ் வசதி.

ஈஸ்டருக்கு உனக்கு லீவு கிடைக்கும் என்று நினைக்கிறேன். வரும்போது இங்கே இறங்காதே. நேரே பெருங்கடவிளைக்குப் போ. அவள் சம்மதித்தால் இரண்டு பேரும் வாருங்கள். சம்மதிக்கவில்லை என்றால் அவளை ஜபல்பூருக்குக் கூட்டிக்கொண்டு போ, வழிக்கு வேண்டியதை உன் அம்மா கட்டித் தருவாள். நடையில் ஏறமாட்டேன் என்று எழுதியவனை நான் இழுத்து ஏற்ற முடியாது. நடை அப்படியேதான் கிடக்கிறது.

இந்தக் கடிதத்தைப் பாறசாலைத் தபாலாபீஸிலேயே போடுகிறேன். பிரித்துப் படிக்கிறவன் படிக்கட்டும்.

வாய்ப்புண் ஆறிவருகிறது. காலை மாத்திரையும் வெள்ளை, ராத்திரி மாத்திரையும் வெள்ளை. டப்பாவில் பேர் எழுதியிருக்கிற பொடி எழுத்து கண்ணாடி போட்டாலும் எனக்குத் தெரிவதில்லை. உன் அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. செல்லசாமி மாத்திரை என்றாலே ஓடுகிறான். எது எந்த வேளைக்கு என்று எடுத்துத் தர வீட்டில் ஆள் இல்லை. இதை நீ வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம். அவளிடம் சொல்வதானால் சொல்.

உங்கள் இரண்டு பேரையும் கர்த்தர் ஒரே கூரைக்குள் வைத்துக் காப்பாராக. அது எந்தக் கூரையானாலும் சரி.

அப்பா
கனகதாஸ்.